ஒரே துறைமுகம், இரண்டு விதிப்புத்தகங்கள்

செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து புறப்படும் ரயில், 250-க்கும் மேற்பட்ட மலைச் சுரங்கப் பாதைகளைக் கடந்து, அட்ரியாட்டிக் கடலோரத்தில் உள்ள பார் என்னும் துறைமுக நகரில் பயணத்தை முடிக்கிறது. 1976இல் திறக்கப்பட்ட அந்த ரயில் பாதையும் அந்தத் துறைமுகமும் மாண்டினீக்ரோ என்னும் சிறிய நாட்டின் சரக்குப் போக்குவரத்துக்கு முதுகெலும்பாக விளங்குகின்றன. அதே கடலோரத்தில் சிறு படகுகளில் வலைவீசிப் பிழைக்கும் மீனவர்களும் இருக்கிறார்கள். 2006இல் தனி நாடான மாண்டினீக்ரோ, 2028இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பினராகிவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அதற்காக ரயிலுக்கும் லாரிக்கும் கப்பலுக்கும் ஒன்றியத்தின் போக்குவரத்து விதிகளையும், படகுக்கும் வலைக்கும் அதன் மீன்வள விதிகளையும் தன் சட்டத்தில் சேர்த்து வருகிறது.

ஒன்றியத்தின் அலுவலகக் கோப்புகளில் இவ்விரண்டு வேலைகளுக்கும் ஒரே பெயர்தான்: விதி ஒத்திசைவு. ஆனால், பொருளாதார நோக்கில் இவை இரண்டும் ஒன்றல்ல. போக்குவரத்து விதிகளை ஏற்கும் நாடு பெரும்பாலும் விரைவிலேயே பலனைக் காண்கிறது. மீன்வள விதிகளை ஏற்கும் நாடு முதலில் இழப்பைத்தான் காண்கிறது. பலன் பின்னால் வருகிறது. அதுவும் அண்டை நாடுகள் அதே விதியைக் கடைப்பிடித்தால் மட்டுமே வருகிறது. கடந்த அரை நூற்றாண்டு ஐரோப்பிய விரிவாக்கத்தில் சாலையும் ரயிலும் அதிகம் இடறாத இடத்தில் மீன் பலமுறை இடறியதற்குக் காரணம் இதுவே. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது, கடலைப் பகிர்ந்துகொள்ளும் எந்த இரு நாடுகளுக்கும் பயன்படும்.

விதியைப் பேரம் பேச முடியாது

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விண்ணப்பித்து, அந்தத் தகுதி ஏற்கப்பட்ட நாடு ‘வேட்பாளர் நாடு’ எனப்படுகிறது. அந்த நாடு ஒன்றியத்தின் மொத்தச் சட்டத் தொகுதியையும் ஏற்க வேண்டும். அத்தொகுதி 35 அத்தியாயங்களாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. 13ஆவது அத்தியாயம் மீன்வளம், 14ஆவது போக்குவரத்து. முதலில் வேட்பாளர் நாட்டின் சட்டங்கள் ஒன்றியத்தின் சட்டங்களோடு வரிவரியாக ஒப்பிடப்படுகின்றன. பிறகு ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் பேச்சு தொடங்குகிறது. நிபந்தனைகள் நிறைவேறியதும் அத்தியாயம் ‘தற்காலிகமாக’ மூடப்படுகிறது. தொடங்குவதற்கும் மூடுவதற்கும் 27 உறுப்பு நாடுகளும் ஒருமனதாக இசைய வேண்டும். மாண்டினீக்ரோவுக்கான பேச்சு 2012 ஜூனில் தொடங்கியது. எட்டு ஆண்டுகளில், 2020 ஜூனுக்குள், 33 அத்தியாயங்களும் திறக்கப்பட்டுவிட்டன. திறப்பதைக் காட்டிலும் மூடுவதற்குத்தான் காலம் பிடிக்கிறது.

இதைப் ‘பேச்சுவார்த்தை’ என்று அழைப்பது ஓரளவுக்கே பொருந்தும். வணிக ஒப்பந்தத்தில் இரு தரப்பும் விட்டுக்கொடுத்து நடுவில் சந்திப்பது வழக்கம். இங்கே விதியின் உள்ளடக்கம் பேச்சுக்கு உட்பட்டதன்று. எந்தத் தேதி முதல் விதி செல்லும், எந்தப் பிரிவினருக்கு எத்தனை ஆண்டு அவகாசம், அதற்கு ஒன்றியம் எவ்வளவு நிதி தரும் என்பவை மட்டுமே பேசப்படுகின்றன. ஒரு வேட்பாளர் நாடு பெறக்கூடியது அவகாசமும் பணமும்தான். ஆகவே, அந்த அவகாசமும் பணமும் எங்கே போகின்றன என்பதே கேட்க வேண்டிய முதல் கேள்வி.

சாலையில் கிடைக்கும் பலன்

போக்குவரத்து விதிகள் எப்படி இருக்கும் என்பதற்கு லாரி ஓட்டுநரின் வேலை நேரம் நல்ல எடுத்துக்காட்டு. ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதியின்படி, சரக்கு லாரி ஓட்டுநர் நாளொன்றுக்கு 9 மணி நேரம் வண்டி ஓட்டலாம். வாரத்தில் இரு நாள் மட்டும் 10 மணி நேரம். நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும். வாரத்துக்கு 56 மணி நேரம், தொடர்ச்சியான இரு வாரங்களுக்கு 90 மணி நேரம் என்பது உச்சவரம்பு. வண்டியில் பொருத்தப்பட்ட டாக்கோகிராப் என்னும் கருவி இதையெல்லாம் பதிவு செய்கிறது.

இந்த விதியை ஏற்பதால் லாரி உரிமையாளருக்குச் செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால், அதை ஏற்ற நாட்டின் லாரி ஐரோப்பியச் சந்தைக்குள் தடையின்றி ஓடும் தகுதியை நோக்கி நகர்கிறது. கப்பலுக்கும் இதே கதைதான். துறைமுகத்துக்கு வரும் அயல்நாட்டுக் கப்பல்களைச் சோதிப்பதற்காக 1982இல் உருவான பாரிஸ் உடன்படிக்கை, கப்பல்கள் ஏந்திய கொடிக்குரிய நாடுகளை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று பட்டியல்களாகத் தரம் பிரிக்கிறது. கறுப்புப் பட்டியலில் உள்ள நாட்டுக் கப்பல்கள் அடிக்கடி சோதனைக்கு உள்ளாகும்; குறைபாடு இருந்தால் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்கப்படும். சரக்கு அனுப்புவோர் அத்தகைய கொடியைத் தவிர்ப்பார்கள். தரத்தை உயர்த்தும் நாடு அதன் பலனைத் தானே அறுவடை செய்கிறது.

பொருளியலில் இதை வலையமைப்பின் பயன் என்பார்கள். தொலைபேசி வைத்திருப்போரின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொருவரின் தொலைபேசிக்கும் மதிப்பு கூடுவதைப் போல, ஒரே விதியில் இயங்கும் நாடுகள் கூடக் கூட ஒவ்வொரு நாட்டின் சாலைக்கும் ரயிலுக்கும் மதிப்பு கூடுகிறது. ஒருவர் சேர்வதால் மற்றவருக்கு இழப்பு பெரிதாக இல்லை. இதனால்தான் மேற்கு பால்கன் பகுதியின் ஆறு தரப்புகளும், உறுப்பினராவதற்கு முன்பே, 2017இல் ஒன்றியத்துடன் ‘போக்குவரத்துச் சமூகம்’ என்னும் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. அதன் செயலகம் பெல்கிரேடில் இயங்குகிறது.

இதில் உயிர் தொடர்பான பக்கமும் உண்டு. 2006 ஜனவரியில் பார் நோக்கி வந்த பயணிகள் ரயில் தடுப்பான் செயலிழந்து, பியோச்சே என்னும் இடத்தருகே மலைச்சரிவில் உருண்டது. 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ரயில்வே நிறுவனத்தைச் சாராத தனி அமைப்பே விபத்தை விசாரிக்க வேண்டும், தண்டவாளத்தைப் பேணும் நிறுவனமும் ரயிலை ஓட்டும் நிறுவனமும் பிரிந்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சான்று வழங்கும் அமைப்பு சுதந்திரமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் ஒன்றிய விதிகள் சொல்வதற்குப் பின்னால் இத்தகைய அனுபவங்களே உள்ளன. மாண்டினீக்ரோவில் ஒற்றை ரயில்வே நிறுவனம் தண்டவாளம், பயணிகள், சரக்கு எனத் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

பிரிப்பதற்குச் சட்டம் போதும். பழைய பாதையைப் புதுப்பிக்கப் பணம் வேண்டும். பிரித்த அமைப்புகளைக் கண்காணிக்கத் தேர்ச்சி பெற்ற ஆய்வாளர்கள் வேண்டும். ஏறத்தாழ 6.2 லட்சம் மக்கள்தொகை கொண்ட நாட்டில் இந்த ஆள்பலம் எளிதில் கிடைப்பதில்லை. சட்டம் ஒத்திசைந்த பிறகும் நடைமுறை பின்தங்குவதற்கு இதுவே முதன்மைக் காரணம். சிறிய நாடென்றாலும் பெரிய நாடென்றாலும் விதிகளின் பக்க எண்ணிக்கை ஒன்றுதான். அவற்றைச் செயல்படுத்தும் கைகளின் எண்ணிக்கை மட்டும் வேறு.

விதிக்கு வெளியே நின்று சாலை போட்டால் என்ன ஆகும் என்பதையும் அந்த நாடு பார்த்துவிட்டது. பார் நகரிலிருந்து செர்பிய எல்லை வரையிலான நெடுஞ்சாலையின் முதல் 41 கிலோமீட்டர் பகுதிக்காக 2014இல் சீன எக்ஸிம் வங்கியிடம் ஏறத்தாழ 94 கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. போக்குவரத்து அளவு இந்தச் செலவை ஈடுசெய்யுமா என்று ஆய்வுகள் ஐயம் எழுப்பியும் பணி தொடர்ந்தது. 2020இல் நாட்டின் பொதுக்கடன் அதன் மொத்த உள்நாட்டு உற்பத்தியையே விஞ்சியது. பெருந்தொற்றும் அதற்கு ஒரு காரணம் என்றாலும், சாலைக் கடனின் பாரம் சிறியதன்று. சாலை 2022இல் திறக்கப்பட்டது. கொள்முதல் விதி, செலவு-பலன் ஆய்வு ஆகியவை சலிப்பூட்டும் சடங்குகளாகத் தோன்றலாம்; அவை இல்லாதபோதுதான் அவற்றின் விலை தெரிகிறது.

கடலில் கணக்கு மாறுகிறது

மீன்வள விதிகளுக்கு வருவோம். மத்தியதரைக் கடலுக்காக ஒன்றியம் 2006இல் வகுத்த விதி, கரையிலிருந்து 3 கடல் மைல் தொலைவுக்குள் இழுவலையைத் தடை செய்கிறது. அதற்கு முன்பே 50 மீட்டர் ஆழம் வந்துவிட்டால் அந்த ஆழக்கோடு வரையே தடை. இழுவலையின் கண்ணி, சதுர வடிவமாக இருந்தால் 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 12 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீளமுள்ள படகுகளில் செயற்கைக்கோள் வழிக் கண்காணிப்புக் கருவி இருக்க வேண்டும். 2023இல் திருத்தப்பட்ட கட்டுப்பாட்டு விதி, இந்தக் கண்காணிப்பைச் சிறிய படகுகளுக்கும் படிப்படியாக விரிக்கிறது. பிடித்த மீனைப் பதிவேட்டில் எழுத வேண்டும். படகுகளின் மொத்தத் திறனுக்கு உச்சவரம்பு உண்டு; புதிய படகு ஒன்று வர வேண்டுமானால் அதற்கு ஈடான பழைய திறன் விலக வேண்டும். கோட்டோர் வளைகுடாவில் மரபாக நடந்துவரும் கரைவலைத் தொழிலைப் போன்றவற்றுக்கும், அறிவியல் மதிப்பீட்டின் அடிப்படையிலான நிர்வாகத் திட்டம் வேண்டும்.

இவற்றில் எதுவும் தவறான விதி அன்று. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மத்தி, நெத்திலி, ஹேக் போன்ற மீன்கள் இத்தாலி, குரோஷியா, மாண்டினீக்ரோ, அல்பேனியா என்று எல்லை பார்த்து நீந்துவதில்லை. மாண்டினீக்ரோவின் மீனவர் பிடிக்காமல் விட்ட மீனை எதிர்க்கரைப் படகு பிடித்துச் செல்லலாம். கனடியப் பொருளியலாளர் ஸ்காட் கார்டன் 1954ஆம் ஆண்டிலேயே இதைத் தெளிவாக விளக்கினார்: யாருக்கும் உரிமையில்லாத மீன்வளத்தில், தான் விட்டுவைக்கும் மீன் நாளை தனக்கே கிடைக்கும் என்ற உறுதி எந்த மீனவருக்கும் இல்லை, எனவே, தொழிலில் ஆதாயம் அற்றுப்போகும் வரை படகுகள் பெருகிக்கொண்டே போகும்.

ஒரு நாடு தனியாக ஓட்டுநர் வேலை நேரத்தைக் குறைத்தால் அதன் சாலையில் விபத்து குறையும். ஒரு நாடு தனியாகக் கண்ணியைப் பெரிதாக்கினால் அதன் மீனவருக்கு மீன் குறையும். கடலில் மீன் பெருகும் என்பதற்கு உறுதியில்லை. செலவு இன்றே, தனியாளின் தலையில் விழுகிறது. பலன் பல ஆண்டுகள் கழித்து, எல்லோருக்கும் பொதுவாக வருகிறது. பலன் வரும் நாளுக்குள் செலவைச் சுமந்தவர் படகை விற்றுவிட்டுத் தொழிலை விட்டே போயிருக்கக்கூடும்.

மாண்டினீக்ரோவின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மீன்பிடித் தொழிலின் பங்கு 1 சதவீதத்துக்கும் குறைவு. எனவே, நிதியமைச்சகத்தின் மேசையில் இது சிறிய விஷயம். தொழிலைச் செய்பவருக்கோ இதுவே முழு வாழ்வு. புள்ளிவிவரத்தில் சிறியதாகத் தெரியும் தொழில்களில்தான் சீர்திருத்தத்தின் வலி கவனிக்கப்படாமல் போகிறது.

மீன் தடுத்த உறுப்புரிமைகள்

வரலாறு இதை உறுதிப்படுத்துகிறது. 1970 ஜூன் 30 அன்று பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், நார்வே ஆகிய நான்கு நாடுகளுடன் அன்றைய ஆறு நாட்டுப் பொருளாதாரச் சமூகம் உறுப்புரிமைப் பேச்சைத் தொடங்கியது. அதே நாளில் அந்த ஆறு நாடுகளும், உறுப்பு நாடுகளின் கடலில் எல்லா உறுப்பு நாட்டுப் படகுகளுக்கும் சம உரிமை என்னும் கொள்கைக்குத் தங்களுக்குள் உடன்பட்டிருந்தன. மீன் நிறைந்த கடல்கள் வரவிருந்தவர்களுடையவை; விதியோ உள்ளே இருந்தவர்களால் எழுதப்பட்டது. 1972இல் நார்வே மக்கள் பொது வாக்கெடுப்பில் உறுப்புரிமையை நிராகரித்தார்கள். 1994இல் மறுபடியும் நிராகரித்தார்கள். இரு முறையும் கடலோர மாவட்டங்களின் எதிர்ப்பு வலுவாக இருந்தது.

ஐஸ்லாந்தின் கதை நம் வாதத்துக்கு இன்னும் நெருக்கமானது. அந்த நாடு 1994 முதலே ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருக்கிறது. அதன்வழியே ஒன்றியத்தின் போக்குவரத்து விதிகளைப் பெரிய சச்சரவின்றி ஏற்று நடக்கிறது. ஆனால், அந்த ஏற்பாட்டில் பொது மீன்வளக் கொள்கை சேராது. 2009இல் உறுப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது 27 அத்தியாயங்கள் திறக்கப்பட்டு, 11 மூடப்பட்டன. மீன்வள அத்தியாயம் திறக்கப்படவே இல்லை. கானாங்கெளுத்தி வகை மீன் எவ்வளவு பிடிக்கலாம் என்பதில் ஒன்றியத்துடன் நடந்துவந்த தகராறும் அதற்குத் துணைபோனது. 2013இல் ஆட்சி மாறியதும் பேச்சு நிறுத்தப்பட்டது. தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைலுக்கு நீட்டுவதற்காக 1970-களில் பிரிட்டனின் போர்க்கப்பல்களையே எதிர்த்து நின்ற நாடு அது. ஒரே மக்கள், ஒரே அரசு. லாரியின் விதியை ஏற்றார்கள், மீனின் விதியில் நின்றுவிட்டார்கள்.

விதி ஒத்திசைவு அரசியலுக்குப் பணயமாகும் வேறொரு வகையும் உண்டு. 2005இல் பேச்சைத் தொடங்கிய துருக்கி, சைப்ரஸ் கொடியேந்திய கப்பல்களுக்குத் தன் துறைமுகங்களைத் திறக்க மறுத்தது. 2006 டிசம்பரில் ஒன்றியம் எட்டு அத்தியாயங்களின் கதவைச் சாத்தியது. போக்குவரத்தும் மீன்வளமும் அந்த எட்டில் அடங்கும். துருக்கி மீனவர் எந்த வலை போடுகிறார் என்பதற்கும் அந்த முடிவுக்கும் தொடர்பில்லை. இருப்பினும், கருங்கடலிலும் மத்தியதரைக் கடலிலும் மீன்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு பெரிய நாட்டுடன் விதிகளைச் சீராக்கும் வழி அதனால் குறுகிப்போனது.

குரோஷியா கடந்த வழி

இவ்வளவு தடைகளுக்கு நடுவிலும் கடந்து வந்த நாடு உண்டு. மாண்டினீக்ரோவின் வடமேற்கு அண்டை நாடான குரோஷியா, 2003இல் அட்ரியாட்டிக் கடலில் சூழலியல்-மீன்வளப் பாதுகாப்பு மண்டலம் ஒன்றை அறிவித்தது. 2008 ஜனவரி முதல் ஒன்றிய நாடுகளின் படகுகளுக்கும் அதைச் செலுத்த முற்பட்டது. இத்தாலியும் ஸ்லோவேனியாவும் கடுமையாக எதிர்த்தன. உறுப்புரிமைப் பேச்சே நின்றுவிடும் நிலை வந்ததும், அதே ஆண்டு மார்ச்சில் குரோஷிய நாடாளுமன்றம் அந்த ஏற்பாட்டை ஒன்றிய நாடுகளைப் பொறுத்தவரை நிறுத்திவைத்தது. உள்நாட்டில் இது பெரும் தோல்வியாகப் பேசப்பட்டது.

அதன் பிறகு மீன்வள அத்தியாயம் 2010 பிப்ரவரியில் திறக்கப்பட்டு, 2011 ஜூனில் மூடப்பட்டது. சட்டத்தை முழுமையாக ஏற்ற குரோஷியா, சில இடங்களில் அவகாசம் பெற்றது. மேற்கு இஸ்திரியாவின் இழுவலைப் படகுகள் 50 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில் தொழில் செய்ய 2014 ஜூன் வரை இசைவு கிடைத்தது. வீட்டுத் தேவைக்காக மீன்பிடிக்கும் ‘சிறு மீன்பிடி’ என்னும் மரபுப் பிரிவினர், ஒன்றியச் சட்டத்தில் தொழில்முறை மீனவருமல்லர், பொழுதுபோக்காளருமல்லர்; அவர்களுக்கு 2014 இறுதி வரை அவகாசம். தீவுகளில் வாழும் ஒரு முதியவர் தன் வீட்டுச் சமையலுக்காக விரிக்கும் சிறு வலை எந்தக் கட்டத்தில் அடங்கும் என்ற கேள்வி, ஒரு நாட்டின் உறுப்புரிமை உடன்படிக்கை வரை போயிற்று. விதிப்புத்தகம் வாழ்வைச் சந்திக்கும் இடம் அதுதான்.

2013 ஜூலை 1 அன்று குரோஷியா உறுப்பினரானது. அதன்பிறகு நடந்ததுதான் முக்கியம். உறுப்பினரானதும் அது விதி வகுக்கும் அவைக்குள் அமர்ந்தது. 2017இல் அட்ரியாட்டிக்கின் நடுவே உள்ள யாபுகா பள்ளம் என்னும் பகுதி, மத்தியதரைக் கடல் பொது மீன்வள ஆணையத்தின் முடிவின்படி, கட்டுப்படுத்தப்பட்ட மீன்பிடிப் பகுதியானது. ஹேக் மீனும் நார்வே சிங்கி இறாலும் குஞ்சு வளர்க்கும் இடம் அது. இத்தாலியும் குரோஷியாவும் அதற்கு இசைந்தன. தொடர்ந்து நடந்த கணக்கெடுப்புகள் அந்த இரு இனங்களும் அங்கே மீண்டு வருவதைக் காட்டின. தனியாக அறிவித்த மண்டலத்தால் 2008இல் செய்ய முடியாததை, சேர்ந்து எடுத்த முடிவால் செய்ய முடிந்தது. 2021இல் குரோஷியா தன் தனிப் பொருளாதார மண்டலத்தை அறிவித்தபோது முன்பு எழுந்த எதிர்ப்பு எழவில்லை.

இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளியது. கடல் விதியின் பலன், அண்டை நாடும் அதே விதிக்குக் கட்டுப்படும்போதும், விதி எழுதப்படும் மேசையில் நமக்கும் இடம் இருக்கும்போதும்தான் வருகிறது. வேட்பாளர் நாட்டின் துன்பம், அது விதிக்குக் கட்டுப்படும் ஆண்டுகளில் அந்த மேசையில் அதற்கு வாக்கு இல்லை என்பதே. மத்தியதரைக் கடல் ஆணையத்தில் மாண்டினீக்ரோவுக்குத் தனி உறுப்புரிமை இருப்பது ஓர் ஆறுதல். அட்ரியாட்டிக்கின் மத்தி, நெத்திலிக்கான பல்லாண்டுத் திட்டம் போன்றவை அங்கேதான் முடிவாகின்றன.

பணம் எங்கே போகிறது?

இப்போது முன்னே கேட்ட கேள்விக்குத் திரும்பலாம். மேற்கு பால்கன் பகுதிக்காக ஒன்றியம் 2020இல் அறிவித்த முதலீட்டுத் திட்டம், 900 கோடி யூரோ வரையிலான மானியம் பற்றிப் பேசியது. அதன் முதன்மை இலக்குகள் சாலை, ரயில், எரிசக்தி, சுற்றுச்சூழல், இணைய வசதி. அதன்பின் 2024 முதல் 2027 வரைக்குமான 600 கோடி யூரோ சீர்திருத்த-வளர்ச்சித் திட்டமும் வந்தது. இவை தேவையற்றவை என்று சொல்ல மாட்டேன். ஆனால், பலன் தானாகவே விரைந்து வரும் துறைக்குப் பணமும் விரைந்து போகிறது. செலவு முன்னே வந்து பலன் பின்னே வரும் துறைக்கு விதிகள் மட்டுமே முன்னே போகின்றன. பொருளியல் சொல்வது இதற்கு நேரெதிரானது. ஈட்டுத்தொகை எங்கே தேவை? இன்று இழப்பவரும் நாளை பெறுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கும் இடத்தில்.

நம் கடலுக்கும் இதில் செய்தி உண்டு

ஐரோப்பிய மீன்வள விதி, ஐரோப்பாவில் சேர விரும்பாத நாடுகளையும் தொடுகிறது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கு எதிராக 2010இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, கண்காணிப்பில் தவறும் நாட்டுக்கு முதலில் மஞ்சள் அட்டை, பிறகு சிவப்பு அட்டை. இலங்கைக்கு 2012இல் எச்சரிக்கை வந்தது. 2015 ஜனவரி முதல் அந்நாட்டு மீன் ஐரோப்பியச் சந்தைக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது. ஆழ்கடல் செல்லும் பலநாள் படகுகளில் கண்காணிப்புக் கருவி, மீன்பிடிப் பதிவேடு, கடும் அபராதத்துக்கு வகைசெய்யும் சட்டத் திருத்தம் என்று இலங்கை தன் நடைமுறையைச் சீர்செய்த பிறகு, 2016இல் தடை நீங்கியது. வெளியிலிருந்து வந்த விதியானாலும், சந்தை என்னும் பலன் கண்முன் இருந்ததால் அது செயல்பட்டது.

பாக் நீரிணையில் அத்தகைய பொது விதிப்புத்தகம் இல்லை. தமிழ்நாட்டில் 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் கரையோரக் கடலைப் பாரம்பரிய மீனவருக்கு ஒதுக்கியது. கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் நடைமுறையில் உள்ளது. இலங்கை 2017இல் அடிமட்ட இழுவலையைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு, பாக் நீரிணையின் இழுவைப் படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் மானியத் திட்டம் இங்கே தொடங்கியது. இரு நாட்டு மீன்வளக் கூட்டுப் பணிக்குழு 2016இல் அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கரையிலும் விதி இருக்கிறது. இரு கரைகளையும் கட்டுப்படுத்துவதும், இரு கரை மீனவர்களும் சேர்ந்து வகுத்ததுமான விதிதான் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கைதுகளும் படகுப் பறிமுதலும் நிரப்புகின்றன. ராமேஸ்வரத்து இழுவைப் படகுத் தொழிலாளியும், அறுந்த வலையோடு கரைதிரும்பும் யாழ்ப்பாணத்துச் சிறு மீனவரும் ஒரே குறைபாட்டின் இரு முகங்கள்.

அட்ரியாட்டிக்கின் ஏற்பாட்டை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தைப் போன்ற அமைப்பு தெற்காசியாவில் இல்லை. உறுப்புரிமை என்னும் ஊக்கப்பரிசும் இல்லை. ஆயினும் யாபுகா பள்ளத்தில் நடந்ததற்கு உறுப்புரிமை மட்டும் காரணமன்று. பொதுவான மீன்வள மதிப்பீடு, இரு தரப்பும் ஏற்ற ஓர் எல்லை, தொடர்ந்த கணக்கெடுப்பு ஆகிய மூன்றும் அங்கே இருந்தன. பாக் நீரிணையில் இரு நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து ஒரு மதிப்பீட்டைச் செய்வதற்கு எந்த உடன்படிக்கையும் தடையாக இல்லை.

செய்ய வேண்டியவை

மாண்டினீக்ரோவுக்கும், அதன் பின்னே வரிசையில் நிற்கும் நாடுகளுக்கும் மூன்று ஏற்பாடுகள் நியாயமானவை. முதலாவது, மீன்வள விதிகள் வரும்போதே அதன் நிதியும் வர வேண்டும்; கண்காணிப்புக் கருவி, புதிய கண்ணி வலை, தொழிலை விட விரும்புவோருக்கான ஈட்டுத்தொகை ஆகியவை விதியின் பிற்சேர்க்கையாக அல்லாமல் விதியின் பகுதியாகவே இருக்க வேண்டும். இரண்டாவது, விதிக்குக் கட்டுப்படத் தொடங்கிய நாளிலிருந்தே, பகிர்ந்துகொள்ளும் கடலைப் பற்றிய கூட்டங்களில் வேட்பாளர் நாட்டுக்கு வாக்கில்லாவிட்டாலும் பேசும் இடம் தரப்பட வேண்டும். மூன்றாவது, அத்தியாயம் மூடப்பட்டதா என்பதை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாமல், சாலையோரத்தில் எத்தனை சோதனைகள் நடந்தன, இறங்குதளத்தில் எத்தனை பெட்டி மீன் எடைபோடப்பட்டது என்பதையும் அளவிட வேண்டும். துருக்கிக்கு நேர்ந்ததுபோல், தொடர்பில்லாத தகராறுக்காக மீன்வள அத்தியாயத்தைப் பணயம் வைக்கும் வழக்கத்தையும் ஒன்றியம் கைவிடுவது நல்லது. அரசுகள் பேசிக்கொள்ளாத ஆண்டுகளிலும் மீன்கள் எல்லை கடந்துகொண்டுதான் இருக்கின்றன.

பார் துறைமுகத்தில் வந்து நிற்கும் ரயில், புதிய விதியால் வேகமாகவும் பாதுகாப்பாகவும் ஓடலாம். அதன் பயனைப் பயணி அடுத்த பயணத்திலேயே உணர்வார். பக்கத்தில் கட்டப்பட்டிருக்கும் படகின் சொந்தக்காரர் தன் பயனைக் காண ஐந்தாண்டோ பத்தாண்டோ காத்திருக்க வேண்டும். அதுவரை அவர் படகில் இருப்பதற்கு வழிசெய்வதே விதி வகுப்போரின் பொறுப்பு. அவர் போன பிறகு கடலில் பெருகும் மீன், வேறொருவர் வலைக்குத்தான் போகும்.